மீட்டரில் ஏறாத பயணம்

கண்ணாடிக்காரர் வீட்டுக் காருக்குத் தெரு வைத்த பெயர் முக்காடு. எப்போது எட்டிப் பார்த்தாலும் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு கொட்டகைக்குள் நிற்கும் என்பதால் வந்த பெயர். போர்வையும் ஒன்றல்ல, இரண்டு. உள்ளே மூக்குக்கண்ணாடி துடைக்கிற மாதிரி மெத்தென்ற துணி, அதன்மேல் மழைக்குத் தாங்கும் தடித்த துணி. முக்காடு விலகிய முகத்தைப் பார்த்தவர்கள் தெருவில் வெகு சிலர். பார்க்காதவர்கள்தான் அதன் நிறத்தைப் பற்றி அதிகம் சண்டை போட்டார்கள். நிறம் பாலேடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒரு கூத்து நடக்கும். ஒரே இடத்தில் நின்றால் டயர் சப்பையாகிவிடும் என்று, அக்கம்பக்கத்தில் ஆள் பிடித்து வண்டியை வாசல் கதவு வரை தள்ளுவார். கொஞ்ச நேரம் எஞ்சினை உறுமவிட்டு அணைப்பார். பிறகு அதே தூரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவார். பின்னால் போனால் மீட்டரும் பின்னால் சுழலும், போன தூரம் கழிந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். போன தூரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வண்டி உலகத்தில் இது ஒன்றுதான் என்று தள்ளியவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டே சொல்வார்கள். மீட்டரில் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதிலும் பெரும்பாதி, தொழிற்சாலையிலிருந்து விற்பனைக் கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் வந்த தூரம். ஓடாமலே ரப்பர் வெடித்து இரண்டு தடவை டயர் மாற்றியாயிற்று.

அவர் கஞ்சன் இல்லை, கிறுக்கும் இல்லை. வாங்கிய வாரம் நல்ல மழை. விட்டதும் எடுக்கலாம் என்றிருந்தார். மழை விட்டது, குழாய் போடுகிறோம் என்று தெருவைத் தோண்டினார்கள். தெருவை மூடினார்கள், அவர் தன் மூக்குக்கண்ணாடிக் கடையை விரிவாக்கினார், நேரமில்லை. அப்புறம் அந்தக் காரைச் செய்த கம்பெனியே இழுத்து மூடிவிட்டது. ஒருநாள் யாரோ வந்து, இவ்வளவு குறைவாக ஓடிய வண்டி வேறெங்கும் இல்லை, தொட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து பாதுகாப்பவர் ஆனார். கல்யாணத்தையும் இதே மாதிரி மழை விடட்டும், தெரு மூடட்டும் என்று தள்ளித் தள்ளித்தான் ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். கடைக்குப் போக ஒரு ஸ்கூட்டர் போதுமாயிருந்தது.

இப்படி இருந்தவருடைய கடைக்குத்தான் டிரைவிங் ஸ்கூல் டீச்சர் கண்ணாடி போட வந்தார். கணவர் தவறிப் பல வருஷம், மகள் கல்யாணமாகி வெளியூரில். டீச்சருடைய கார் முக்காட்டுக்கு நேர் எதிர். இடிபடாத இடம் அதில் கூரை ஒன்றுதான். ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டி, இது இன்னார் ரிவர்ஸ் கற்றபோது, இது இன்னார் மரத்தைப் பார்க்காதபோது என்று வம்சாவளி சொல்வார். மீட்டர் ஒரு முழுச் சுற்று முடித்து, சைபருக்கு வந்து, மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

தூரத்துப் பலகை மங்கலாகத் தெரிகிறது என்று வந்தவருக்குச் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டார் கண்ணாடிக்காரர். ரெண்டுலயும் உங்க மூஞ்சி ஒரே மாதிரிதான் சார் தெரியுது, என்றார் டீச்சர். அதற்குப் பிறகு கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை என்று ஒரு வாரம், காதை அழுத்துகிறது என்று ஒரு வாரம், திருகாணி கழன்றுவிட்டது என்று ஒரு வாரம். அவ்வளவு மோசமாகக் கண்ணாடி மாட்டத் தெரியாதவர் அல்ல கண்ணாடிக்காரர். எதிர்க் கடைக்காரருக்கு இரண்டாவது வாரமே விஷயம் விளங்கிவிட்டது. சம்பந்தப்பட்ட இருவருக்கும்தான் ஒரு வருஷம் பிடித்தது.

கண்ணாடிக்காரர் கேட்டதையும் ஒரு தந்திரத்தோடுதான் கேட்டார். சட்டத்தைச் சூடு காட்டி வளைக்கிறேன் என்று டீச்சர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். எதிரே நிற்பவர் மங்கலாகத் தெரியும் அந்த நேரத்தில், முகம் சிவந்தாலும் தெரியாது என்ற தைரியத்தில், நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன டீச்சர் என்று கேட்டுவிட்டார். டீச்சர் கண்ணாடியைத் திருப்பி வாங்கி, மாட்டிக்கொண்டு, முகத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் சரி என்றார். பதிவு அலுவலகத்தில் புதன்கிழமை போய் மனு கொடுப்பது என்று முடிவாயிற்று.

"எனக்கு ஒரே ஒரு ஆசை சார்," என்றார் டீச்சர். "அன்னிக்கு உங்க கார்லதான் போகணும். இத்தனை வருஷமா யாரோ ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து பிரேக்குல காலை வச்சுக்கிட்டே வாழ்ந்தாச்சு. ஒரு நாளாவது காலுக்கு வேலை இல்லாம உக்காந்து போகணும்."

அதுக்கென்ன டீச்சர் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு ஆள். பழைய கார்களுக்குக் காட்சிக்கூடம் நடத்துபவர். கையுறை மாட்டிக்கொண்டு முக்காட்டை விலக்கினார். டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்தவர் குரல், தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்த்த மாதிரி இறங்கிவிட்டது. கண்ணாடி அறை கட்டித் தனியாக நிறுத்துவேன் என்றார். பித்தளைத் தகட்டில், இத்தனை வருஷம் காப்பாற்றியவர் என்று உங்கள் பெயரைப் பொறிப்பேன் என்றார். வியாழக்கிழமை காலை லாரியோடு வருகிறேன், இந்த எண் இப்படியே இருக்க வேண்டும், ஒன்று கூடினாலும் எனக்கு வேண்டாம் என்றும் சொன்னார். மீட்டரைப் படமெடுத்துக்கொண்டு போனார்.

கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. சிரிக்கத் தோன்றும், சிரிப்பதற்கு முன் அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் தள்ளியதற்கு முதல் தடவையாக ஒருவர் அர்த்தம் சொல்லியிருக்கிறார். அந்த எண் போய்விட்டால், அவர் வெறுமனே ஒரு காரை வாங்கிவிட்டு ஓட்டாமல் இருந்த மனிதர். டீச்சர் போய்விட்டால், மறுபடி ஸ்கூட்டரும் கடையும் முக்காடும்தான்.

மாடியில் குடியிருக்கும் தங்கைக்கு இதெல்லாம் ஒரு குழப்பமாகவே படவில்லை.

"நாய்க்குக் கிடைச்ச தேங்காய் மாதிரி இத்தனை வருஷம் உருட்டிக்கிட்டே இருந்துட்ட அண்ணா. இப்பதான் உடைச்சுத் திங்க ஒரு ஆள் வந்திருக்காங்க."

"உடைக்கிற பேச்சை எடுக்காத," என்றார் அவர், கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டே.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அப்படிப்பட்டவனுக்கு மூளை வேலை செய்யும் விதமே தனி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, காருக்குள் மல்லாந்து படுத்து, மீட்டருக்குப் பின்னால் கையை விட்டார். சக்கரம் சுழல்வதை மீட்டருக்குச் சொல்வது ஒரு கேபிள். அதன் முனையை ஒரு திருகு மரை பிடித்திருக்கும். எள்ளளவு திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றும் விரல்களுக்கு அது ஒரு வேலையா? கழற்றி, தூசி போகாமல் முனையில் டேப் ஒட்டி, ஓரமாகச் செருகினார். வண்டி ஓடும், எண் ஓடாது. டீச்சரும் வருவார், தகடும் வரும். அன்று நன்றாகத் தூங்கினார்.

புதன்கிழமை காலை முக்காடு விலகி, பாலேடு நிறம் வெயிலில் வந்தபோது தெருவே ஏதாவதொரு சாக்கில் வெளியே நின்றது. ஏற்கனவே மூழ்கிப்போன செடிகளுக்கு ஒருவர் மறுபடி தண்ணீர் ஊற்றினார். கண்ணாடிக்காரர் பெட்டியிலிருந்து பிரித்த சட்டையில் மடிப்பு மடிப்பாக உட்கார்ந்திருந்தார். வண்டி இரண்டு தடவை குதித்து, மூன்றாவது தடவை கிளம்பியது. அடுத்த தெருவில் டீச்சர் ஏறிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் வளைவுகளைத் திருப்பிய அழகுக்கு, எந்த வகுப்பிலும் நாலு அதட்டல் கிடைத்திருக்கும். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. சன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கண்ணாடிக்காரருக்கு ஸ்டியரிங்கில் கை வழுக்கியது.

பெரிய சாலை வந்ததும் பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. பழக்க தோஷம், டீச்சர் எட்டி மீட்டரைப் பார்த்தார். எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று பார்ப்பதற்குத்தான். வேக முள்ளுக்கும் அதே கேபிள்தான்; முள் சைபரில் படுத்திருந்தது.

பழைய வண்டி டீச்சர், என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர். டீச்சர் அதற்குள் மீட்டருக்குக் கீழே கையை விட்டுத் துழாவியிருந்தார். டேப் ஒட்டிய முனை கையில் தட்டுப்பட்டது. புது டேப்.

"நாம போறது இதுல ஏறக் கூடாது. அதானே சார்?"

அவர் சாலையையே பார்த்து ஓட்டினார்.

"எத்தனையோ பேர் என்னை ஏத்திக்கிட்டு மரத்துல மோதியிருக்காங்க, வாய்க்கால்ல விட்டிருக்காங்க. என்னை ஏத்திக்கிட்டே போகலேன்னு ஒருத்தரும் சொன்னதில்ல." குரல் உயரவேயில்லை. "ஓரமா நிறுத்துங்க. இண்டிகேட்டர் போட்டுட்டு."

இண்டிகேட்டர் போட்டு நிறுத்தினார். டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, ஹார்ன் அடித்த அதே பஸ், பக்கத்து நிறுத்தத்தில் வந்து நின்றதும் அதில் ஏறிப் போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே முந்நூற்றுப் பன்னிரண்டு. வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் ஒரு பெண்ணோடு வந்திருக்கிறார், வழியெல்லாம் சந்தோஷமாக வந்திருக்கிறார். எங்கேயும் போகவில்லை என்று அது சாதிக்கிறது. தன் தொழிலில் அவர் ஒரு புள்ளி கூட மாற்றி எழுதியவர் இல்லை. வேலைக்குச் சேரப் பார்வை நன்றாயிருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள் என்று அழுதவர்களுக்குக்கூட, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாரே தவிர எழுதிக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவர் காட்சிக்கூடத்துக்காரரிடம் நாளைக்கு இந்த எண்ணைக் காட்டி, தகட்டில் பெயரும் வாங்கிக்கொள்ள இருந்தார்.

கதவைத் திறந்து, இரண்டு காலும் சாலையில் நீட்டியிருக்க, தலையை மீட்டருக்கு அடியில் கொடுத்துப் படுத்தார். போகிற வண்டியெல்லாம் திட்டிவிட்டுப் போனது. டேப் பிய்ந்தது, மரை ஏறியது. புதுச் சட்டையில் கிரீஸும் ஏறியது. பஸ் போன திக்கில் வண்டியைக் கிளப்பினார்.

எண் ஒன்று கூடியபோது பல் பிடுங்கின மாதிரி இருந்தது. அடுத்தது அவ்வளவு வலிக்கவில்லை. பஸ்ஸை எட்டிப் பிடித்த பிறகு முந்தவும் தெரியாமல், விடவும் மனமில்லாமல், அது நின்ற நிறுத்தத்திலெல்லாம் பின்னாலேயே நின்று நின்று போனார். பின்சீட்டுக்காரர்கள் கை காட்டினார்கள். கண்டக்டர் டீச்சரிடம் வந்து, ஒரு கார் நம்மளை விட மாட்டேங்குது, ஏதாவது திருடிட்டு பஸ்ல ஏறிட்டீங்களாம்மா என்று கேட்டாராம். டீச்சர் திரும்பிப் பார்த்தாரே தவிர இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போனார்.

அங்கே கண்ணாடிக்காரர் நிறுத்த நினைப்பதற்கு முன்பே வண்டி இருமிக்கொண்டு நின்றது. ஒரே கருகல் நாற்றம். டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். பக்கத்தில் வந்ததும் மோந்து பார்த்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே வந்திருக்கீங்க."

"நிறுத்தச் சொன்னீங்க. போட்டேன். அப்புறம் மறந்துட்டேன் டீச்சர்."

டீச்சர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து இறங்கி ஓடிவந்தவரைப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேபிளை மாட்டிட்டேன்," என்றார். "பஸ் பின்னாடி வந்ததெல்லாம் ஏறியிருக்கு. ஆனா உங்க வீட்டுலேர்ந்து நீங்க இறங்கின இடம் வரைக்கும் ஏறல. நாம சேர்ந்து வந்தது அது மட்டும்தான். அதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மறுபடி ஒருதரம் போனா ஏறிடும்," என்றார்.

பிரேக் ஆறுவதற்கு வெகு நேரம் ஆயிற்று. பஸ் நிலையத்துக் கடையில் இருவரும் டீ குடித்தார்கள், லாரி வரப்போகிற விஷயத்தையும் அவர் சொல்லிவிட்டார். அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது, இன்றைக்கு மனு வாங்கும் நேரம் முடிந்துவிட்டது, நாளை வாருங்கள் என்றார் குமாஸ்தா. நாளை வியாழன், லாரி வரும் நாள். கூடியது சில எண்தான், கெஞ்சிப் பார்த்தால் காட்சிக்கூடத்துக்காரர் இன்னும் எடுத்துக்கொள்ளக்கூடும். கண்ணாடிக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து டீச்சரே சொன்னார், நாளைக்கு பஸ்லயே வந்துடலாம் சார், எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை என்று. நிஜமாகத்தான் சொன்னார். ஒரு நாள் வீரம் காட்டிவிடலாம், மறுநாளும் காட்டச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும். படியில் நின்று கிரீஸ் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

"பத்து மணிக்கு உங்க வாசல்ல நிக்கிறேன்," என்றார் கடைசியில். "ஹார்ன் அடிப்பேன்."

அடித்தார். அடுத்த நாள் காலை அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. டீச்சர் ஏறினார், முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தார், பிறகு காலை நீட்டிக்கொண்டார். நேற்று வந்த அதே வழி, அதே வளைவுகள். முள் எழுந்து நடுங்கிக்கொண்டிருந்தது. பெரிய சாலைக்கு வந்ததும் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. யாரென்று எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. அவர் வீட்டு வாசலில், தெருவை அடைத்துக்கொண்டு லாரி நின்றுகொண்டிருந்தது. தங்கை காட்சிக்கூடத்துக்காரருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்து, அண்ணா கார்ல போயிருக்கு என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையுறை மாட்டிய மனிதர் மூன்றாவது தடவையாக, எந்தக் கார்ல என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போன் விட்டு விட்டு அடித்தது. கண்ணாடிக்காரருடைய கை தானாகப் பைக்குப் போயிற்று.

"ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது," என்றார் டீச்சர், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

நல்ல மாணவன்போலக் கையை எடுத்து மறுபடி ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.