நீலக் கிளாஸ்

ஆறு கிளாஸிலும் ஒரே விஸ்கியை ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு தட்டைத் தூக்கினேன். கணவருக்கு மூன்று, கொழுந்தனுக்கு மூன்று. ஊற்றிய பாட்டிலையும், திறக்கவே திறக்காத மற்ற இரண்டு சாம்பிள் பாட்டில்களையும் அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியாகிவிட்டது. பின்னறைக்கும் ருசி பார்க்கும் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலை மட்டும்தான். அதைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு நுழைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடைக்கு விடுமுறை. ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கி மட்டும் விற்கிற கடை எங்களுடையது. வருஷத்துக்கு ஒரு பீப்பாயைத் தேர்ந்தெடுத்து, அதில் உள்ள அத்தனையையும் எங்கள் கடை லேபிளோடு ஸ்காட்லாந்து ஆலையிலேயே பாட்டிலில் அடைத்து வரவழைப்போம். அந்த ஒரு பீப்பாய்க்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் லேபிளை நம்புவதில்லை, என் கணவரின் மூக்கை நம்புகிறார்கள். இந்தத் தடவை வந்த மூன்று சாம்பிளும் ஒரே ஆலையில் வடித்த ஒரே மால்ட். கடைசி இரண்டு வருஷம் மட்டும் ஒன்று ரெட் ஒயின் பீப்பாயிலும், ஒன்று போர்ட் ஒயின் பீப்பாயிலும், ஒன்று இனிப்பு வெள்ளை ஒயின் பீப்பாயிலும் கிடந்திருக்கின்றன. ஒயின் இருந்த பீப்பாயில் விஸ்கியைப் போட்டுவைத்தால் மரத்தில் ஊறிய ஒயின் மெல்ல மெல்ல விஸ்கிக்குள் இறங்கும். அளவோடு இறங்கினால் அழகு. கூடிப்போனால் விஸ்கி காணாமல் போய் ஒயின்தான் நிற்கும். "கல்யாணம் பண்ணிட்டு வந்த பொண்ணு மாதிரி. புது வீட்டு வாசனையும் வரணும், பொறந்த வீட்டு வாசனையும் போகக்கூடாது" என்று இவர் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். சொல்லி முடித்ததும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவருடைய சட்டதிட்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ருசி பார்க்கிற அன்று வீட்டில் யாரும் சென்ட் போடக்கூடாது, காபி போடக்கூடாது. கிளாஸைச் சோப்பு போட்டுக் கழுவக்கூடாது. நிறத்தைப் பார்த்து மனசு ஏமாந்துவிடும் என்பதால் நீலக் கிளாஸ்தான். ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அளவுக் கிண்ணத்தைத் தண்ணீரில் அலசாமல் ஊற்றினால் கொலைக் குற்றம். ரொம்ப அலட்டிக்கொள்கிற வாடிக்கையாளர் யாராவது வந்தால் அதற்கென்றே ஒரு வித்தை வைத்திருந்தார். ஒரே விஸ்கியை இரண்டு கிளாஸில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஆசாமி இரண்டையும் வேறு வேறாக வர்ணிக்கிற அழகைக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வித்தையைத்தான் இன்றைக்கு நான் அவர்மேலேயே ஏவிவிட்டிருந்தேன்.

வேறு வழி தெரியவில்லை. சில மாதங்களுக்கு முன் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருக்கிறது, இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மாடியில் இருந்த எனக்கு வந்த நாற்றம் அவருக்கு வரவில்லை. கேட்டால், "ஜலதோஷம், சரியாயிடும்" என்று மழுப்பினார். டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுந்தார். அதைவிட எனக்கு உறுத்தியது அவருடைய பேச்சு. முன்பெல்லாம் ஒரு விஸ்கியை முகர்ந்தால் யாரும் சொல்லாததைச் சொல்வார். மழையில் நனைந்த தபால் பை, புதுச் செருப்புக் கடை, காய்ச்சல்கார நெற்றியில் போட்ட ஈரத்துணி என்று ஏதாவது வரும். இப்போது தேன், சாக்லேட், உலர்ந்த பழம் என்கிறார். எல்லாம் பாட்டிலோடு வருகிற காகிதத்தில் அச்சடித்திருப்பது.

பீப்பாய் தப்பாகிப் போனால் கடையின் பேர் கெடும், அது ஒரு பயம். ஆனால் உண்மையைச் சொன்னால், என் பயம் அது இல்லை. தன் உயிரையே வைத்திருந்த ஒன்றைத் தொலைத்துவிட்டு, பக்கத்தில் படுத்திருக்கிற என்னிடம்கூடச் சொல்லாமல் இந்த மனுஷன் தனியாகச் சுமந்துகொண்டு திரிகிறாரோ என்பதுதான் என்னை அரித்தது. தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு நாள் ஓட்ட முடியாது என்று தோன்றிவிட்டது.

"அண்ணி, இந்தத் தடவ வரிச மாறலையே?" என்றான் கொழுந்தன், தட்டை வாங்கிக்கொண்டே.

இறக்குமதி, லைசென்ஸ், சுங்க அலுவலகம் எல்லாம் அவன் பொறுப்பு. அதில் கெட்டிக்காரன். விஸ்கி விஷயத்தில் மட்டும், யாரும் பார்க்காதபோது எந்த மால்ட்டிலும் சோடாவைக் கவிழ்த்துவிடுவான். போன மாதம் வாடிக்கையாளர்களுக்கு நடந்த ருசி பார்க்கும் கூட்டத்தில் நான் தட்டுகளை மாற்றி வைத்துவிட்டேன். இவர் ஒன்றைப் பற்றிப் பேச, அவர்கள் வேறொன்றைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கொழுந்தன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து, இதற்கென்று படித்த ஆளைப் போடலாம், அண்ணி கல்லாவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அண்ணனின் காதைக் கடித்துக்கொண்டிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இன்னொரு தப்பு நடந்தால் நானே எழுந்து கல்லாவுக்குப் போய்விடுவேன்.

இவர் முதல் கிளாஸை எடுத்தார். உடனே மூக்கருகே கொண்டுபோகவில்லை. ஒரு கணம் திரைச்சீலைப் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசையைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து உருட்டி, பக்கத்திலிருந்த ஜாடியில் துப்பினார். மூன்று கிளாஸையும் அப்படியே ஒரு சுற்று பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவன் துப்புகிற ஜாதியே இல்லை. அவன் கிளாஸ்கள் ஏற்கெனவே பாதியாகியிருந்தன.

"மொதல்ல இருக்கறது ரெட் ஒயின்" என்றார். "காஞ்ச திராட்ச, கொஞ்சம் மிளகு. நாக்கு ஓரத்துல துவர்ப்பு."

சரி, மூன்றுமே அதுதான். அதே பாட்டில்தான். நான் இரண்டாவது கிளாஸைப் பார்த்தேன். சொல்லுங்கள், இதுவும் அதுதானே என்று கேளுங்கள், என்னைத் திட்டுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ரெண்டாவது போர்ட். பிளம் பழம், சாக்லேட். நாக்குல கடிக்காம உருண்டையா இருக்கு." மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், நீலக் கண்ணாடியில் எதுவும் தெரியாது என்று தெரிந்தும். "இதுல தேன். ஆரஞ்சுத் தோல். இனிப்பு ஒயின் பீப்பா."

"நானும் அதையேதான் நெனச்சேன். தேன் சும்மா தூக்குது" என்றான் கொழுந்தன். "சரியா அண்ணி?"

"சரிதான்" என்றேன்.

அப்போது அவரைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் வாய் கூசாமல் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எதை எடுக்கலாம் என்று தம்பி கேட்டதற்கு அவர் பிடி கொடுக்கவில்லை. "கொஞ்சம் காத்து படட்டும். நாளைக்கு இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். நாளை மாலைக்குள் ஆலைக்காரர்களுக்குப் பதில் போயாக வேண்டும் என்று ஞாபகப்படுத்திவிட்டு, மிச்சமிருந்ததையும் காலி செய்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனான் அவன்.

கிளாஸ்களைப் பின்னறைக்கு எடுத்துப்போய்த் தொட்டியில் வைத்தேன். அழக்கூடாது என்று இருந்தேன். இவர் பின்னாலேயே வந்து துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் அலசிக் கொடுக்க அவர் துடைப்பது எங்கள் வழக்கம்.

"அவன் இருக்கானேன்னுதான் சும்மா இருந்தேன்" என்றார் மெல்ல. "எல்லாத்துலயும் ஒரே பாட்டில ஊத்திட்ட நீ."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் நான் அடைந்த சந்தோஷத்தை எந்த விசேஷத்திலும் அடைந்ததில்லை. ஈரக் கையோடு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? எதுல தெரிஞ்சுது? மொதல் தடவ மோந்ததுமேவா?"

அவர் துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை என்பது இப்போது யோசித்தால் புரிகிறது.

"கொழாச் சத்தம் கேக்கல" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஒவ்வொரு பீப்பாவுக்கும் நடுவுல அளவுக் கிண்ணத்த அலசுவ இல்ல. இன்னிக்கு ஒரு தடவகூடத் தண்ணி தொறக்கல. மறந்தாப்புல ஒரே பாட்டிலயே எடுத்து ஊத்திட்டு இருக்கன்னு அங்க உக்காந்திருந்தப்பவே தெரிஞ்சு போச்சு." கிளாஸைக் கீழே வைத்தார். "கொஞ்ச நாளா நீ ஏதோ நெனப்பாவே இருக்க. அவன் முன்னாடி சொன்னா, மறுபடியும் அந்தக் கல்லாப் பேச்ச எடுப்பான்."

"அப்போ மூக்கு?"

குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார். "காய்ச்சல்லேருந்தே இல்ல. நாக்குல துவர்ப்பு தெரியுது, இனிப்பு தெரியுது, எரியுது. அவ்வளவுதான். காலைல எழுந்ததும் ஒன் தலகாணி ஒறைய மோந்து பாப்பேன். ஒண்ணும் வராது."

நான் தொட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டேன். அப்போதுதான் எனக்கு முழுக்க உறைத்தது. மூன்றும் ஒன்று என்று அவர் சொல்லியிருந்தால் போதும். மூக்கு இல்லாமலேயே ஜெயித்திருப்பார். நானும் சந்தேகத்தை மூட்டை கட்டி வைத்திருப்பேன், தம்பியும் வாயைப் பிளந்திருப்பான். கையில் விழுந்த அந்தப் பழத்தை, என் மரியாதை போய்விடக்கூடாது என்று, இந்த மனுஷன் நழுவவிட்டிருக்கிறார்.

"நான் மறந்து ஊத்தல" என்றேன். "வேணும்னேதான் ஊத்தினேன். ஒங்கள டெஸ்ட் பண்ண."

என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, நிற்காமல் பெரிதாகி, தோள் குலுங்கியது. "என் வித்தைய எனக்கேவா?" என்றார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் துடைக்கப் போனேன். என் கையும் ஈரமாகத்தான் இருந்தது.

தம்பியிடம் எப்படிச் சொல்வது, சொல்வதா வேண்டாமா, கடைக்கு வருகிறவர்களிடம் என்ன பேசுவது என்று எதையும் நாங்கள் பேசவில்லை. நாளை மாலைக்குள் பதில் போக வேண்டும் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

"மத்த ரெண்டு பாட்டில் எங்க?" என்றார்.

அலமாரியைத் திறந்து காட்டினேன்.

"இப்ப ஒழுங்கா ஊத்து. நீ மோந்து பாத்துச் சொல்லு. ருசி எவ்வளவு நேரம் நிக்குது, எங்க கடிக்குதுன்னு நாக்க வச்சு நான் சொல்றேன்."

"எனக்கு ஒங்கள மாதிரி பேச வராது."

"தபால் பை, செருப்புக் கடன்னு ஒளறறதுக்கு ஒரு படிப்பா வேணும்? ஒனக்கு என்ன தோணுதோ சொல்லு."

திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நீலக் கிளாஸ்களை இரண்டு வரிசையாக வைத்து, முதல் சாம்பிளை ஊற்றினேன். என் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு மரப்பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டர் வாசனை மாதிரி ஏதோ வந்தது. இதைப் போய்ச் சொல்வதா என்று கூச்சமாக இருந்தது, ஆனாலும் மனசில் முடிந்துவைத்தேன்.

பிறகு அளவுக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்தேன். தண்ணீர் கிண்ணத்தில் அறைந்து, நிரம்பி, விரல்களுக்கு மேலாக வழிந்து தொட்டியில் கொட்டியது. அலசி முடிந்த பிறகும் மூடாமல் கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிட்டேன்.

"ஒண்ணு" என்றார் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

இரண்டாவது பாட்டிலின் மூடியைத் திருகி, ஊற்றி, மறுபடியும் குழாயைத் திறந்தேன்.