தாகம் எடுக்காத எஞ்சின்

"எஞ்சின்ல பிஸ்டன் ரிங் போச்சு அண்ணி. எத்தனை தடவை சொல்றது? போற இடமெல்லாம் பின்னாடி நீலமா புகை."

"ரிங் போகல. நேத்தே பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டரா அழுத்தம் பார்த்துட்டேன். எல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப ஊத்துற ஆயில் எங்க போகுது? நீங்க குடிக்கிறீங்களா?"

"நான் ஏன் குடிக்கணும்? உங்க அண்ணன் போடற காபியே எனக்கு அந்த ருசியிலதான் இருக்கு."

கொழுந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. பேருந்து ஓட்டுநர் அவன். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களுக்கெல்லாம் போக்குக் காட்டிவிட்டு, ஒருநாள் இந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு வந்து நின்றான். இரண்டே இருக்கை, பின்பக்கம் எஞ்சின். வந்த நாளிலிருந்தே ஆயிலைக் குடித்துத் தீர்க்கிறது. பெரிய ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினை இறக்க வேண்டும் என்று கைவிரித்துவிட்டார்கள். மனம் விட்டுப்போய், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் வியாபாரியை இன்று வரச் சொல்லிவிட்டான். அவர் இழுவை வண்டியோடு கிளம்பியும் விட்டார்.

வீட்டின் கீழ்த்தளத்தில் அண்ணியின் ஒர்க்‌ஷாப். அந்தச் சிவப்புக் கதவுகள் தனித்தனியாக யார் யார் வீட்டுக்கோ போவதை நினைத்துக்கொண்டே அவள் எஞ்சின் மூடியை மறுபடி தூக்கினாள். ஆயில் உள்ளே கசியாமல் தடுக்கும் வால்வு சீல் தேய்ந்திருக்குமோ?

"சரி, ஸ்டார்ட் பண்ணு. புகை எப்ப வருதுன்னு பார்ப்போம்."

"இருங்க, ஆயில் பார்த்துட்டு."

ஆயில் பார்க்காமல் எந்த வண்டியின் சாவியையும் அவன் திருகியதில்லை. அளவுக்கம்பியை உருவினான், துடைத்தான், விட்டு எடுத்தான். நுனிகூட நனையவில்லை.

"பாருங்க! நேத்து ஊத்துனது காணோம்." கேனைத் தூக்கினான்.

அண்ணியின் பார்வை அவன் கையிலேயே நின்றது. இதை அவன் செய்து அவள் பார்த்ததே இல்லை. அவள் எழும் முன்பே வாசலில் முடித்துவிடுகிற வேலை அது.

"எப்பவும் இப்படித்தான் பார்ப்பியா?"

"ஆமா. காலையில, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. பஸ்ஸுக்கு அப்படித்தானே?"

"கேனைக் கீழ வை."

"ஏன்?"

"கீழ வைடா!"

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஆயில் குளமாகத் தேங்கியிருந்தது. அண்ணி ஓவென்று சிரித்துவிட்டாள்.

"இது பஸ் இல்லப்பா. இதுக்கு ஆயில் தொட்டி தனியா இருக்கு. வண்டி நின்னா தொட்டியில இருக்கறது எஞ்சினுக்குள்ள இறங்கிடும், கம்பி காஞ்சுதான் இருக்கும். சூடாகி ஓடிட்டு இருக்கும்போதுதான் அளக்கணும். நீ தினமும் ஊத்துற, அது இடமில்லாம இந்தப் பெட்டியில கக்குது. அதைத்தான் எஞ்சின் இழுத்து எரிக்குது."

"அப்ப எஞ்சினுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"பசியில்லாத குழந்தை வாயில திணிச்சா வேற என்ன பண்ணும்?"

எஞ்சினைச் சூடாக்கி, ஓடவிட்டே கம்பியை விட்டாள். மேல் கோட்டையும் தாண்டிப் பளபளத்தது. நிறுத்தி, மிகையானதை வாளியில் வடித்தார்கள். பெட்டியைத் துடைத்தார்கள். மறுபடி ஓடவிட்டு அளந்தபோது ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே சமர்த்தாக நின்றது. அதற்குள் வாசலில் இழுவை வண்டி வந்து நின்றது.

"அண்ணே, கொஞ்சம் இருங்க!" என்று கத்திக்கொண்டே கொழுந்தன் காரை வெளியே எடுத்தான். பக்கத்து இருக்கையில் அண்ணி.

மேட்டுச் சாலையில் முதலில் நீலப்புகை குப்பென்று எழுந்தது. அவன் முகம் சுருங்கியது. "மிச்சம் எரியுது, நிறுத்தாதே, மிதி!" என்றாள் அண்ணி. மிதித்தான். எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு குரலெடுத்துப் பாடியது. உச்சியில் அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் சாலை, மரங்கள், வானம். எல்லாம் கழுவிவைத்த மாதிரித் தெளிவாக இருந்தன.

"புகை?"

"இல்ல!"

"நல்லா பாருங்க அண்ணி!"

"இல்லவே இல்லடா!"

இருவரும் பள்ளிப் பிள்ளைகள் போலக் கூச்சலிட்டுக்கொண்டே திரும்பி வந்தார்கள். இழுவை வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார் வியாபாரி.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. கொடுக்கறதா இல்ல."

வியாபாரி கோபப்படவில்லை. சைலன்சருக்குப் பின்னால் குனிந்து, புகையில்லாத காற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சீட் பெல்ட்டை இன்னும் கழற்றாத அண்ணியின் பக்கம் வந்து, கழுத்துத் துண்டை முறுக்கியபடி நின்றார்.

"இந்த மாதிரி வண்டிங்கள பிரிச்சிருக்கேனே தவிர, ஓடறப்ப ஒண்ணுலகூட உட்கார்ந்ததில்லம்மா. தப்பா நினைக்கலன்னா... ஒரே ஒரு ரவுண்டு, எனக்கு அந்த சீட்டைக் கொடுப்பீங்களா?"