வெடிமருந்து அறையின் விளக்கு

“நீ எரியிற வகையா, வெடிக்கிற வகையா?” என்று கோட்டை வாசலில் காவல் இருந்த மிக்கேல் அண்ணன், விளக்குப் பிடிக்கிற வேலைக்கு வந்த என்னைக் கேட்டார்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன் என்றேன்.

“அப்போ எரியிற வகை. படிக்கிற பிள்ளைங்கதான் வெடிக்கும்” என்று ஒரு விளக்கைக் கொடுத்தார்.

எதிரிக் கப்பலைச் சுடுவதற்காக விக்டோரியா ராணி காலத்தில் கட்டிய கடற்கரைக் கோட்டை அது. கப்பல் இன்னும் வரவில்லை. அதுவரை வெடிமருந்து அறையில் எங்கள் பள்ளிக்கூடம் நடக்கிறது.

அந்த அறைக்குள் நெருப்பு போகக் கூடாது. அதனால் அறையைச் சுற்றி ஒடுக்கமான ஒரு பாதை உண்டு. சுவர்த் துளைகளில் அறைப் பக்கமாகக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். விளக்கு பாதையில் இருக்கும். வெளிச்சம் மட்டும் உள்ளே போகும்.

உரசினால் பொறி பறக்கும் என்று பிள்ளைகள் கொலுசு, ஹேர்பின், காம்பஸ் எல்லாவற்றையும் வெளியே கழற்றி வைத்துவிட்டு, துணிச் செருப்போடு உள்ளே போனார்கள். எல்லாரும் என் பழைய வகுப்பு. நான் விளக்கைத் தள்ளிப் பிடித்து, முகத்தை இருட்டில் வைத்துக்கொண்டேன்.

வெட்கப்பட்டால் அந்தச் சுவர் தடிக்கும். கருங்கல் அப்படித்தான்.

“கொஞ்சம் அடங்கி வெட்கப்படு தாயி” என்றார் மிக்கேல் அண்ணன். “பெஞ்சு போட இடம் இல்ல.”

அன்று பரீட்சை. முன்பு என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த ரெஜிலா எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“அக்கா, கேள்வி தெரியல. விளக்கைக் கிட்ட வைங்க.”

நானும் அவளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள்.

“கிட்ட வெச்சா என் மூஞ்சி தெரியும்ண்ணே” என்று மிக்கேல் அண்ணனிடம் சொன்னேன்.

“தெரியட்டும். மூஞ்சி வெடிக்காது.”

வைக்காவிட்டால் ரெஜிலா பெயிலாகிவிடுவாள். வைத்தேன்.

கண்ணாடியில் அழுக்கு என்று அவள் நினைத்தாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள். என் முகம் போகவில்லை. எச்சில் தொட்டு இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். பிறகு சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

சுவர் தடித்தது. ரெஜிலா வெகு தூரத்தில், புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தாள். வெளிச்சம் குறையாமல் இருக்க விளக்கைத் துளைக்குள் நீட்டினேன். சுவர் தடிக்கத் தடிக்க என் கையும் நீண்டது. வலிக்கவில்லை.

அந்த வெளிச்சத்தில் அவள் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினாள். டீச்சரிடம் பேப்பரைக் கொடுத்தாள். கண்ணாடியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களோடு போய்விட்டாள்.