மூன்றாவது அன்னம்

திரை கறுத்தது. கண் மூடித் திறப்பதற்குள் கடவுச்சொல் கேட்கிற பக்கம் வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது. காலையிலிருந்து கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்த புடவைக் கரை, பக்கத்தில் திறந்து வைத்திருந்த மாதிரிப் படங்கள், எதுவும் இல்லை. நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"கரண்ட் போயிடுச்சாம்மா?" என்றார் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கதிர்வேல் அண்ணன்.

"ஃபேன் சுத்திக்கினுதானண்ணா இருக்குது. இது வேற வியாதி."

வேறு வியாதிதான். என் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். நானே படித்துப் படித்துப் போட்டது. அதைச் சொல்லிப் பிள்ளையார்பாளையத்தில் நான் பீற்றிக்கொள்ளாத தெரு இல்லை. அதில் காம்போசிட்டர் என்று ஒன்று உண்டு. திறந்திருக்கிற ஜன்னல்களையெல்லாம் அடுக்கித் திரையில் காட்டுவது அதன் வேலை. அது விழுந்தால் தனியாக விழாது, திறந்திருந்த அத்தனையையும் இழுத்துக்கொண்டு விழும். நாளைக்கு அமாவாசை, தறி ஓடாது, டிசைனைப் பார்த்துத் தறிக்கு அட்டை குத்துகிறவரும் கடை திறக்கமாட்டார். மதியத்துக்குள் டிசைன் போயாக வேண்டும்.

"அப்ப டிசைனு?"

"வந்துடும், இருங்கண்ணா."

வந்துடும் என்று வாய்தான் சொன்னது. இந்த வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன ஆடியில் இதே அண்ணனுக்கு ஓர் அன்னக் கரை போட்டுக் கொடுத்தேன். நாலு அன்னம், அப்புறம் மறுபடி அதே நாலு. என் டிசைன்படி அட்டைகளில் துளை குத்துவார்கள். அவற்றை எண் வரிசையில் நூலால் கோர்த்துத் தறிக்கு மேலே ஏற்றினால், அட்டை சொல்கிறபடி கரை இறங்கும். கோர்த்தது அண்ணன் மனைவி துர்காதேவி அண்ணி. இரண்டு முழம் நெய்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள், மூன்றாவது அன்னம் வருகிற இடத்திலெல்லாம் கழுத்து முறிந்திருந்தது. அண்ணனுக்குப் பட்டு கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி நமச்சிவாயம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "என் டிசைன்ல தப்பு இருக்காதுங்க, அட்டைய மாத்திக் கோத்திருப்பாங்க" என்றேன். பார்க்காமலே சொன்னேன். சாயங்காலம் ஃபைலைத் திறந்தால், இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியும் அடுத்த வரியும் இடம் மாறிக் கிடந்தன. வெட்டி ஒட்டும்போது என் கைதான் தவறியிருக்கிறது.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். தெருமுனையில்தான் அவர்கள் வீடு. நான் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, "எதுக்கும் புது அட்டையே குத்திக்கோங்கண்ணா" என்று பெரிய மனுஷி மாதிரி அனுப்பி வைத்தேன். பழைய அட்டைகளை அண்ணன் கோபத்தில் அவிழ்த்துக் குப்பையில் போட்டிருந்தார், ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. புதியதை அவரே கோர்த்தார். கரை சுத்தமாக இறங்கியது. அதோடு தெருவே முடிவு கட்டிவிட்டது, துர்கா கைதான் சரியில்லை என்று. எட்டுத் தறிக்குக் கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணியை அப்புறம் ஒருவரும் கூப்பிடவில்லை. எதிரில் பார்த்தால் அவர்தான் தலையைக் குனிந்துகொண்டு போவார். நான் நிமிர்ந்து நடந்தேன். த்தூ.

கடவுச்சொல்லை அடித்தேன். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தன. எல்லாம் காலி, உள்ளே வரைந்தது வர வேண்டுமே. டிசைன் மென்பொருள் ஒரு பட்டியலை நீட்டியது. சேமிக்காமல் போனவற்றின் பிரதிகள் இருக்கின்றன, மீட்கவா? படித்துப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. எல்லாவற்றையும் என்று அழுத்தினேன்.

காலையில் போட்ட கரை வந்துவிட்டது, கடைசிப் பத்து நிமிஷ வேலை மட்டும் குறைய. "அப்பாடா" என்றார் அண்ணன். நானும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அதன் மேல் இன்னொன்று விரிந்தது. நாலு அன்னம். அட்டைக்கு அனுப்பியதற்கு முந்தின நாள் தேதி. அன்றைக்கும் திரை இப்படித்தான் விழுந்திருந்தது. அந்தப் பிரதியை நான் அழிக்கவே இல்லை, மறந்தே போயிருந்தேன்.

மூட ஒரு நொடி போதும். கை நகரவில்லை என்று சொன்னால் யோக்கியம் மாதிரி இருக்கும். நகர்ந்தது. மூலையிலிருக்கிற பெருக்கல் குறிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, "இரும்மா" என்றார்.

நெசவு செய்கிறவருக்கு கிராஃபும் புடவையும் ஒன்றுதான். எழுந்து வந்து திரையில் விரலை வைத்தார். முதல் அன்னம், இரண்டாவது. மூன்றாவதின் கழுத்தில் விரல் நின்றது.

"இது எப்ப போட்டது?"

"மொத தடவ அட்டைக்குப் போனது இதாண்ணா."

"அப்ப அவ கோத்தது சரிதான்."

"சரிதாண்ணா."

"உனக்குத் தெரியும்."

"அன்னிக்கு சாயந்தரமே தெரியும்ணா."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் அழுது தொலைத்திருப்பேன், பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் ஸ்டூலில் போய் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுங்க அம்மா எதிர்லயே அடிச்சிட்டன்மா. நம்பர் பாத்துத்தான் கோத்தேன்னு சொல்லிக்கினே இருந்தா. எதுத்துப் பேசுறியான்னு இன்னொண்ணு வச்சேன்."

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். குறைந்த பத்து நிமிஷ வேலையைத் திரும்பப் போட்டு, சேமித்து, அட்டைக்கு அனுப்பினேன். கிளம்பும்போது அண்ணன், "அந்த அன்னத்தயும் பிரிண்ட் எடு" என்றார்.

"நானும் வர்றேண்ணா. நானே சொல்றேன்."

"நீ உன்னுத சொல்லு. நான் என்னான்னு சொல்றது?"

நாலு தாள் வந்தது, ஒட்டிக்கொண்டேன். நாங்கள் போனபோது வீட்டில் அண்ணி தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "அண்ணி, ஆடில நடந்தது என் தப்பு. ஒங்க மேல போட்டுட்டு வாய மூடிக்கினு இருந்துட்டேன்" என்று தாளை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தரையில் விரித்து, அடியிலிருந்து வரிகளை எண்ணத் தொடங்கினார். உதடு மட்டும் அசைந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணி..."

"பேசாத. எண்ணிக்கினு இருக்கேன்."

விரல் இரண்டாவது அன்னத்தைத் தாண்டியது. மூன்றாவதின் கழுத்தில், அந்த வரியில் நின்றது. நகத்தால் அங்கே ஒரு கீறல் போட்டார். நிமிர்வார் என்று நானும் வாசலில் அண்ணனும் நின்றிருந்தோம். விரல் மேலே ஏறி, நாலாவது அன்னத்தை எண்ணப் போனது.