பத்தொன்பதாவது எபிசோடில் பேச்சே இல்லை

ஐந்து மாதமாகியும் அலுவலகத்தில் அவளுக்குப் ‘புதுசு’ என்றுதான் பெயர். வெளிநாட்டுத் தொடர்களை வாங்கித் தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்பும் சேனல் அது. ஒவ்வொரு தொடரையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து நிறை, குறை எழுதித் தர வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கதை முடிந்தது. முட்டிக்கொண்டால் சேனல் தலைவியான மேடம் முன்னால் பஞ்சாயத்து.

இந்த முறை முட்டிக்கொண்டது. நாற்பது எபிசோடு சீனத் தொடர். தேவலோகம், காதல், சாபம், பறக்கும் வாள், இடுப்புவரை கூந்தல் வளர்த்த ஆண்கள். ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தார் கத்திரி. ‘வாங்கலாம்’ என்று எழுதியிருந்தாள் புதுசு.

கத்திரி பதினைந்து வருட ஆள். எந்தத் தொடரையும் வெட்டி ஒட்டிப் பாதியாக்கிவிடுவார் என்பதால் வந்த பெயர். அவருக்கே அதில் பெருமை. புதுசுக்கோ இன்னும் மூன்று வாரத்தில் நிரந்தரமா, வீட்டுக்கா என்று தெரிந்துவிடும். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். மேடம் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்: “ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பு. அது நீயா இருந்தா, உன்னை வேலையில வெச்சுக்கறதுக்கு என்கிட்ட காரணம் இல்லம்மா.”

கூட்ட அறையில் கத்திரி கால் மேல் கால் போட்டுத் தன் அறிக்கையை வாசித்தார்.

“நாயகன் தேவசேனாபதி. நாயகி தேவலோகத்துல படி பெருக்கறவ. திருட்டுத்தனமா வைத்திய ஓலையெல்லாம் படிக்கறா. அதுக்காக அவனே அவளோட பார்வையைப் பறிச்சுத் தண்டனை குடுக்கறான். அப்புறம் நாற்பதாவது எபிசோடுல அவளுக்காக உசிர விடறான். எதுக்கு? நடுவுல ஒரு இடத்துலயாவது காதல்னு ஒரு வார்த்தை பேசியிருக்கானா? இல்ல. மரக்கட்டை. அவளும் லேசுப்பட்டவ இல்ல. பத்தொன்பதுல ஆளே இல்லாத படிக்கட்டுல நின்னு தனியா பேசறா. பைத்தியம் மாதிரி.”

புதுசுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாகக் கிளம்பின. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அதோட,” என்றார் கத்திரி, காகிதத்தை மேசையில் போட்டபடி, “புதுசு எழுதியிருக்கறதப் பாத்தேன். அடுப்படியில நிக்கற பொம்பளைங்க பாப்பாங்களாம். அவங்களுக்கென்ன, எதப் போட்டாலும் வாயப் பொளந்துட்டுப் பாப்பாங்க. அதுக்கு இவ்ளோ பெரிய தொடர் தேவையா?”

அந்த இடத்தில்தான் அவளுக்கு வாய்க்கட்டு அவிழ்ந்துபோனது.

“பாக்க மாட்டாங்க சார். நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்.”

அவள் சொன்னது தன் அம்மாவை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அம்மாவுக்கு. சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் காலை நீட்டி உட்காருவாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் மடிக்கணினியில் தொடரை ஓடவிட்டு, கீழே வரும் ஆங்கில எழுத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். தேவசேனாபதிக்குக் கரகரத்த குரல், நாயகிக்குச் சொந்தக் குரல், வில்லிக்கு வீட்டுக்காரம்மா குரல்.

முதல் நாளே புதுசு பழக்கதோஷத்தில் அம்புக்குறிப் பொத்தானைத் தட்டினாள். அலுவலகத்தில் சேர்ந்த அன்றே கத்திரி கற்றுக்கொடுத்த வித்தை அது: ஒரு தட்டுக்குப் பத்து விநாடி தாவும். கீழே எழுத்து வரவில்லையா, அங்கே கதை இல்லை, தட்டு. எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

“ஏண்டி தள்ற?” என்று அம்மா கையில் ஒரு போடு போட்டாள். “அவன் மூஞ்சியப் பாக்கவே விடமாட்டேங்கற.”

“யாரும் பேசலம்மா.”

“பேசலேன்னா? நீ கோவிச்சுட்டு ரெண்டு நாள் பேசாம இருந்தியே, அப்ப வீட்ல ஒண்ணுமே நடக்கலியா?”

அப்புறம் நாற்பதையும் தாவாமல் பார்த்தார்கள். அம்மா எந்த இடத்தில் எழுந்து போகிறாள் என்பதைப் புதுசு நோட்டில் குறித்தாள். இருபத்தாறில் தண்ணீர் குடிக்கப் போனாள். இருபத்தேழில் கொடியில் கிடந்த துணியை மடிக்கப் போனாள். நாளெல்லாம் துணி மடிக்கிறவள்! இருபத்தெட்டில் குறட்டை.

இதையெல்லாம் அவள் கூட்டத்தில் ஒளிக்காமல் சொன்னாள். “குறையை நான் சாரைவிட அதிகமா எழுதியிருக்கேன் மேடம். இருபத்தாறுலேர்ந்து முப்பத்திரெண்டு வரைக்கும் குப்பை. நாயகிக்கு மூணு தடவ நினைவு போகுது. வில்லி அஞ்சு தடவ விஷம் கலந்து குடுக்கறா, அஞ்சு தடவையும் மடமடன்னு குடிக்கறாங்க. அந்த டிராகன் ஈரத் துண்டு மாதிரி பறக்குது. கடைசியில அவ கத்துக்கிட்ட வைத்தியம் பூராவையும் அவனுக்காக விட்டுக்குடுக்கறா பாருங்க, எனக்கு வயிறு எரிஞ்சுது. அதையும் எழுதியிருக்கேன். ஆனா இதுல காதல் இல்லேன்னு சொன்னா, அது பொய்.”

“பொய்யா?” கத்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “யாரப் பாத்துச் சொல்ற?”

“சார், பத்தொன்பதுல அவ யார்கிட்ட பேசறா?”

“அதான் சொன்னேனே. தனக்குத்தானே.”

“மேடம், அந்த எபிசோடப் போடுங்க. பதினோராவது நிமிஷத்துலேர்ந்து. யாரும் பொத்தானத் தொடக்கூடாது.”

மேடம் புருவத்தை உயர்த்தினாலும் போட்டார்.

திரையில் விடியலின் வெளிச்சம், ஆயிரம் படிகள். கண் கட்டிய நாயகி துடைப்பத்தால் தடவித் தடவிப் பெருக்கிக்கொண்டு இறங்குகிறாள். அவளுக்கு நான்கு படி முன்னால், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தேவசேனாபதி பின்பக்கமாகவே இறங்குகிறான். அவள் கால் வைக்கப்போகும் இடத்திலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்குகிறான். ஒரு படியில் பாசி. முட்டிபோட்டுத் தன் அங்கியால் துடைக்கிறான். வசனம் இல்லை. இசைகூட இல்லை. துடைப்பத்தின் சத்தம் மட்டும். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு. கத்திரியின் விரல் மேசையில் ஒருமுறை தானாகத் தட்டியது. மேடம் திரும்பிப் பார்க்காமலே “உஷ்” என்றார். நான்காவது நிமிடம், கடைசிப் படியில் அவள் நின்றாள். தன் இருட்டை நோக்கிக் கேட்டாள்: ‘நாளைக்கும் வருவீர்களா?’

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். கையிலிருந்து ஒரு கல் நழுவியது.

காட்சி முடிந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நாலு நிமிஷம்,” என்றாள் புதுசு. “இருபத்தி நாலு தட்டு. தட்டினா அவன் காணாமப் போயிடுவான், அவ பைத்தியம் ஆயிடுவா. இந்த மாதிரி மௌனம் தொடர் பூரா பதினேழு இருக்கு. காதல் பூரா அங்கதான் இருக்கு. எங்கம்மாவுக்கு ஒரு எழுத்து படிக்கத் தெரியாது மேடம். பதினேழுல ஒண்ணுக்கும் அவங்க எழுந்து போகல.”

மேடம் கத்திரியைப் பார்த்தார். “நீங்க தட்டினீங்களா?”

கத்திரி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். பிறகு, அவர் பங்குக்கு நேர்மையாகவே, “தட்டினேன்,” என்றார். “எல்லாத் தொடருக்கும்தான்.”

“நல்லாயிருக்கு! பதினஞ்சு வருஷமா எத்தனை பேர நாம மரக்கட்டைன்னு திருப்பி அனுப்பினோமோ!” மேடம் பேனாவை எடுத்தார். “வாங்கறோம். இருபத்தாறுலேர்ந்து முப்பத்திரெண்டு வரைக்கும் உள்ளத ரெண்டு எபிசோடா சுருக்கணும். சார் வெட்டுவார். எதை வெட்டணும்னு நீ சொல்லுவ. உன்னை நிரந்தரமாக்கற உத்தரவக் காலையில கையெழுத்துப் போட்டுத் தரேன், மூணு வாரம் எதுக்குக் காத்திருக்கணும்?”

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

“நிராகரிச்சதெல்லாம் மறுபடி பாக்கணும் மேடம். போன வருஷப் பட்டியல் மட்டுமாவது.”

“எடுத்துக்கோ.”

வெளியே வரும்போது கத்திரி பக்கத்தில் நடந்து வந்தார். “அதுல ஒண்ணு அறுபத்திரெண்டு எபிசோடு. அத்தனையும் தட்டாமப் பாப்பியா?”

“பாப்பேன். நீங்களும் பாக்கப்போறீங்க சார். ரெண்டு பேர் பாக்கணும்ங்கறதுதானே சட்டம்? திங்கக்கிழமை கேள்வி கேப்பேன்.”

“கேளு, கேளு,” என்று முனகினார் அவர். கதவைத் திறந்து அவளை முதலில் போகவிட்டார்.