புசுபுசு கிராப்பு

அவர்கள் இருவரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். முதலில் வந்தவன் பெரியவன், கொஞ்சம் தாமதித்து வந்தவன் சின்னவன். வீட்டிலும் தெருவிலும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. உரித்து வைத்ததுபோல் ஒரே முகம், ஒரே நடை. தலைமுடியையும் இருவரும் ஒட்ட வெட்டிக்கொள்வார்கள். சின்னவன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். நாள் முழுக்க ஹெல்மெட்டுக்குள் கிடக்கும் தலைக்கு முடி எதற்கு என்பது அவன் கட்சி. பெரியவனுக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. தம்பி எப்படியோ அப்படி.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பெரியவன் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு விடுமுறை நாளெல்லாம் சின்னவன் அண்ணியின் வீட்டுக்குப் போனான். ஒழுகும் குழாயை மாற்றுவான், அண்ணன் மகள் பாப்பாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவான். ஆனால் ஒவ்வொரு முறையும் கதவு திறந்த கணத்தில் அண்ணியின் முகத்தில் ஏதோ ஒன்று பளிச்சென்று எரிந்து அணையும். பிறகு, "வாங்க தம்பி" என்று அவனைப் பார்க்காமலே சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிடுவாள்.

ஒரு மதியம் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பா பாதிக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். "அப்பா" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் கண்ணைத் திறந்து, தவறாகப் பேசிவிட்டவள் போல, "சித்தப்பாவா" என்று திருத்திக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

அன்று படியிறங்கும்போது சின்னவன் முடிவு செய்தான். இந்த முகத்தை மாற்ற முடியாது. வேறு எதையாவது மாற்ற வேண்டும். மீசை வைக்கலாம் என்றால், கல்யாண போட்டோவில் பெரியவன் மீசையோடு நிற்கிறான். தாடி விட்டால் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களின் முகம் வந்துவிடும். பெரியவனிடம் ஒருநாளும் இல்லாதது ஒன்றுதான். நிறைய முடி.

அந்தச் சமயம் பார்த்து கம்பெனி அவனை வேறோர் ஊருக்கு அனுப்பியது. கட்டி முடியாத உயரமான கட்டடம் ஒன்றில் மாதக்கணக்கில் வேலை. முடி வளர்ந்தது. முதலில் காதோரம் இரண்டு பக்கமும் விறைத்து நின்றது. "என்ன, காதல் தோல்வியா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். சின்னவன் ஆமாம் என்று சொல்லிவிட்டான். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் மேல்தளத்தில் வேலை முடித்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது, லிஃப்ட் போகும் அந்த நீளமான குழிக்குள்ளிருந்து வெதுவெதுப்பாகக் காற்று எழும்பி வந்தது. முடி மொத்தமாக மேலே எழும்பி, மிதந்து, மெல்லப் படிந்தது. தலையே எடையில்லாமல் போனதுபோல் இருந்தது. அவன் கொஞ்ச நேரம் அங்கேயே கண்ணை மூடி நின்றான்.

ஊர் திரும்பியதும் நேராகச் சலூனுக்குப் போனான். மதிய நேரம், கடையில் வேறு ஆளில்லை. முடிவெட்டுகிறவரை அந்தத் தெருவில் ஸ்பிரிங் என்பார்கள். அவருடைய சொந்த முடி அப்படிச் சுருண்டிருக்கும்.

"சொல்லுங்க சார், என்ன மாதிரி வேணும்?"

"எப்படி வேணா வெட்டுங்க. என்னை மாதிரி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

ஸ்பிரிங் கண்ணாடி வழியாக அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் சார், போலீஸ் தேடுதா?"

"இல்ல. லிஃப்ட் ரிப்பேர்."

சிரிப்பு அடங்கிய பிறகு சின்னவன் விஷயத்தைச் சொன்னான். கதவு, அண்ணியின் முகம், பாப்பா திருத்திக்கொண்டது. ஸ்பிரிங் அவன் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, முடிக்குள் விரலை விட்டு அளந்து பார்த்தார். பிறகு போனை எடுத்துப் படங்களைக் காட்டினார்.

"இது பாருங்க, எல்லாத்தையும் பின்னால வாரி விடறது. ஆனா இது மூஞ்சிய இன்னும் எடுத்துக் காட்டும். உங்களுக்கு அது ஆகாது."

"இது?"

"நெத்தி மேல விழற மாதிரி. மூஞ்சி மறையும். ஆனா ஒளிஞ்சுக்கிட்டு நிக்கற ஆள் மாதிரி இருக்கும். குழந்தைக்குப் பிடிக்காது." அவர் அடுத்த படத்தில் நிறுத்தினார். "இதுதான். சைடுல மெஷின் வேணாம், கத்திரியிலயே குறைச்சுடறேன். மேல நீளம் அப்படியே இருக்கும். உள்ள லேயர் லேயரா எடுத்தா கனம் குறைஞ்சு புசுபுசுன்னு எழும்பி, ஒரு பக்கமா அலை மாதிரி திரும்பும். மூஞ்சி அதேதான் சார். ஆனா வேற ஆளோட மூஞ்சி."

சின்னவன் தலையசைத்தான்.

கத்திரி காதுக்குப் பக்கத்தில் மெல்லப் பேசத் தொடங்கியது. முடி தோளில் விழுந்து, தரையில் விழுந்தது. பிறகு தலையை அலசி, ஈரத்தோடு நாற்காலியில் உட்கார வைத்தார். "உங்களுக்குச் சுழி இடப்பக்கம். முடி தானா வலப்பக்கம் சாயுது" என்றார் ஸ்பிரிங். "நான் அதை எதிர்ப்பக்கமா காய வைக்கப்போறேன். அப்பதான் வேர்லருந்து எழும்பும். சும்மா சாஞ்சுக்குங்க."

டிரையர் இரைந்தது. வெதுவெதுப்பான காற்று கழுத்தில் இறங்கியது. சின்னவனுக்குக் கண் சொருகியது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. எதிரே கண்ணாடிக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஈரமுடி தலையோடு ஒட்டிப் படிந்து, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் போல. கண்ணாடியில் வலம் இடமாகி, அவன் முடி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சின்ன வயதில், முகத்தில் பிரிக்க முடியாத அவர்களை அம்மா அதை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பாள். பெரியவனுக்குத்தான் இடப்பக்கம் சாயும்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவன் அவசரப்படவில்லை. கரையில் நிற்பவனைப் படகிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தான். காற்று சுற்றிச் சுற்றி வந்தது. வட்டச் சீப்பு ஒவ்வொரு கற்றையாகத் தூக்க, முடி எழும்பிக்கொண்டே போனது. அது எழும்ப எழும்பப் பெரியவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போனான். அவன் கண்ணில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சின்னவனுக்கு இரு என்று சொல்லத் தோன்றியது.

"இப்ப குளிர்ந்த காத்து. அப்படியே நிக்கும்" என்று எங்கிருந்தோ ஸ்பிரிங்கின் குரல் கேட்டது.

டிரையர் நின்றது. ஸ்பிரிங் உள்ளங்கையில் துளி மெழுகைத் தேய்த்து, முடியின் அடியில் விரலை விட்டு அலையைத் திருப்பிவிட்டார். கண்ணாடியில் சின்னவனுக்கு முன்பின் தெரியாத ஒருவன் இருந்தான். நெற்றிக்கு மேல் கறுப்பாக, அடர்த்தியாக ஓர் அலை. பார்க்க நன்றாகவும் இருந்தது. அதுதான் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "லிஃப்டையே ஏத்தறீங்க, இதைத் தினம் ஏத்தறது பெரிய காரியமா?" என்று சொல்லி ஸ்பிரிங் துணியை உதறினார்.

அண்ணியின் வீட்டில் மணியை அடித்துவிட்டு நின்றான். கதவு உடனே திறந்தது. அண்ணி அவனைப் பார்த்தாள். "யாரு வேணும்?" என்றாள்.

அடுத்த கணம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியவன் போன பிறகு அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த பாப்பா அண்ணாந்து பார்த்து, "சித்தப்பா, தலையில பூனை உக்காந்திருக்கா?" என்றாள். கொஞ்சம்கூடத் தயங்காமல் சித்தப்பா என்றாள். அவன் குனிந்துகொடுத்தான். அவள் இரண்டு கையையும் முடிக்குள் விட்டு, "கடிக்கல" என்று அம்மாவுக்குச் சொன்னாள்.

சமையலறையில் டீ கொதிக்கும்போது அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"எதுக்குன்னு புரியுது தம்பி."

அவன் டம்ளர்களை எடுத்து வைத்தான்.

"பெல் அடிச்சா நான் ஓடி வந்து திறப்பேனே, கவனிச்சிருக்கீங்களா? அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். திறந்ததும் அவரு நிப்பாரு. அப்புறம் நீங்களா ஆயிடுவீங்க."

நல்லது என்று நினைத்து அவளிடம் இருந்த கடைசித் துளியையும் பிடுங்கிவிட்டேனே என்று சின்னவன் பதறினான். "திரும்ப வெட்டிடறேன் அண்ணி. இப்பவே போயி..."

"வேணாம்." அவள் அடுப்பை அணைத்தாள். "அதுக்கப்புறம் வர்ற நிமிஷம் இருக்கே, அது பொல்லாதது. அதுக்குப் பயந்து உங்க மூஞ்சியவே நான் பாத்ததில்ல. நீங்களும் தப்பு செஞ்சவர் மாதிரி குழாயைத் திருகிட்டுப் போயிடுவீங்க."

டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முடியை அல்ல, கண்ணை. அவன்தான் முதலில் பார்வையைத் தாழ்த்தினான்.

கூடத்தில் பாப்பா அவன் மடியில் ஏறி நின்று சீப்பால் அலையை வாரினாள். ஸ்பிரிங்கின் கைவேலை ஒரு பக்கமாகச் சரிந்து கொக்குக் கொண்டை போல் ஆனது. அண்ணி எதிரே ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் தரையில் மஞ்சளாகக் கிடந்தது.

"உங்களுக்கு எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டாள். "அவரு இல்லாம."

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் அவனைப் பார்த்ததும் பெரியவனை நினைத்து அழுதார்கள். அவன்தான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினான். வாய் திறந்தால் உடைந்துவிடும் என்று தெரிந்தது. உடைந்தால் உடையட்டும் என்று அன்று தோன்றியது. பாப்பாவின் இடுப்பை ஒரு கையால் அணைத்துக்கொண்டு அவன் மெல்லச் சொல்ல ஆரம்பித்தான். அண்ணி முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.