மூன்றாம் தொட்டிப் பழம்

மிளகாய் விஷயத்தில் மாஸ்டரின் நாக்கு சொன்னதுதான் முடிவு. விதை போட்டு, நாற்று நட்டு, வேறு மகரந்தம் சேராமல் பூவுக்கு வலைப்பை கட்டி, காயைப் பழுக்கவிடுவதெல்லாம் அவர் மனைவி. ஆனால் ஒரு பழத்தைக்கூட அவள் வாயில் வைக்கக் கூடாது. வயிற்றுப்புண். மிளகாய் இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மொட்டை மாடி முழுக்க மிளகாய் வளர்ப்பதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை.

அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அவர் ஓர் அலுவலக கேண்டீனில் தலைமைச் சமையல்காரர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

மாடியில் கடையில் கிடைக்காத ரகங்கள் இருந்தன. வானத்தைப் பார்த்து நிற்கும் ஊதா, பூசணி போல மடிப்பு விழுந்த ஒன்று, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் ஒன்று. எல்லாவற்றிலும் கொடியது, தோல் சுருங்கி, வால் நீண்ட ஒரு சிவப்பு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் தேள். இன்னொன்று விரல்நுனி அளவு மஞ்சள். அதை மென்றால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய வாசனை வரும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வெட்டி முகர்ந்தால் தெரியாது. மென்ற பிறகு தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும்.

அந்த மஞ்சள் செடி ஒரு பெருமழையில் வேர் அழுகிச் செத்தது. எடுத்துவைத்திருந்த விதைகளும் முளைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே அவள் ஒரு மெல்லிய தூரிகையால் அதன் மகரந்தத்தைத் தேளின் பூவில் தடவியிருந்தாள். மஞ்சளின் வாசனை இனி எங்காவது இருந்தால், அந்த வம்சத்தில்தான் இருக்க வேண்டும். அந்த விதையில் வந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சு. பேரப்பிள்ளைகள்தான் ஆளுக்கொரு பக்கம் போயின. போன பருவத்தில் அவற்றில் ஒன்றை மட்டும் மாஸ்டர் பொறுக்கினார். அதன் விதையில் வந்தவை இந்த ஐந்து தொட்டிகள். இன்று அவற்றில் ஒன்று நிற்கும், மற்றவை போகும். மாடியில் இடம் அவ்வளவுதான்.

அவள் கையுறை போட்டுக்கொண்டு, வெள்ளை ஓட்டின் மேல் பழங்களைச் சீவி வைத்தாள். பக்கத்தில் ரொட்டித் துண்டு, ஒரு டம்ளர் பால். மாஸ்டர் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து சண்டைக்குப் போகிறவர் போல சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டார்.

முதல் தொட்டி. "சுமார்." இரண்டாவது. நிதானமாக மென்றார். "வெறும் கசப்பு. எடுத்துடு."

மூன்றாவதை அவள் நீட்டும்போதே கை கொஞ்சம் தயங்கியது. மூன்றாம் தொட்டிதான் பார்க்க அழகு. தேளின் சுருக்கம், தேளின் வால், நிறம் மட்டும் காலை வெயில் மாதிரி ஒரு மஞ்சள்.

மாஸ்டர் மென்றார். உடனே வாயைத் திறந்து விசிறினார், இருமினார், கண்ணைத் துடைத்தார், பாலை எடுத்து மடக்மடக்கென்று குடித்தார். "அப்பா! நெருப்பு. அப்புறம்... இரு... எலுமிச்சைத் தோல். வந்துடுச்சு. அதேதான்."

அவளுக்குக் கண் நிறைந்தது. கையுறையோடு துடைக்கப் போய், நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் மாடிப்படியில் சத்தம் கேட்டது. மாஸ்டரின் தங்கை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்; வீட்டிலும் பிரேக்கில் கால் வைத்தபடியேதான் பேசுவாள்.

"என்ன அண்ணி, மருமகள், பேரன், கொள்ளுப்பேரன்னு குடும்பமே மாடியிலதான் போல?" என்றபடி மூன்றாம் தொட்டியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்துப் பாதியைக் கடித்தாள்.

"ஐயோ, துப்புங்க!" என்று அண்ணி பால் டம்ளரைத் தேடினாள். அது காலியாக இருந்தது.

நாத்தனார் மென்றுகொண்டே நின்றாள். மீதிப் பாதியையும் போட்டுக்கொண்டாள்.

"இது மிளகாயா வெள்ளரிக்காயா அண்ணி?"

"காரமில்லையா?"

"ஒண்ணும் இல்லையே. தண்ணியா இருக்கு." இன்னொன்றைப் பறித்து நறுக்கென்று கடித்தாள். "என் தெருமுனைக் கடைக்காரன்கூட இதைவிட உறைப்பாப் பேசுவான். ஏன் அண்ணா, இதுக்கா இவ்வளவு பால் குடிச்ச?"

மாஸ்டர் எழுந்தார். "பழத்துக்குப் பழம் மாறும்," என்றார். "அடுப்புல வெந்நீர் வெச்சேன்." இறங்கிப் போய்விட்டார்.

அடுப்பில் எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். நாத்தனார் கையிலிருந்த காம்பைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "நான் ஏதாவது தப்பா...?"

"இல்ல. நீங்க கிளம்புங்க. அப்புறம் பேசறேன்."

நாத்தனார் போனபின் தனியாக நின்றபோது அவளுக்கு ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. போன பருவத்துக்கு முன் அவருக்கு வந்த காய்ச்சல். அதற்குப் பின் அவர் சட்டைகள் தோளில் தொங்க ஆரம்பித்தது. தேள் செடியில் பழங்கள் காணாமல் போனபோது அவளே அவரிடம் விளக்கினாள்: "பறவையாத்தான் இருக்கும். பறவைக்கு உறைக்காது. அதோட நாக்குக்கு அது தெரியவே தெரியாது." அன்று அவர் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் துவைக்கும்போது அவர் சட்டைப்பையில் இரண்டு மிளகாய்க் காம்பு இருந்தது. கேண்டீனிலிருந்து வந்திருக்கும் என்று உதறிவிட்டாள்.

அவள் இறங்கிப் போனாள். மாஸ்டர் சமையலறையில் ஏற்கெனவே கழுவிய கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்போலேர்ந்து?"

"எது?"

"குழாயை மூடுங்க."

மூடினார். "காய்ச்சலுக்கு அப்புறம்."

"காரம்கூடவா?"

"எதுவும் இல்ல. ரொட்டி பஞ்சு மாதிரி. காபி சுடுதண்ணி. சரியாப் போயிடும், சரியாப் போயிடும்னு இருந்தேன்."

"தேள் பழம்?"

"அதாவது உறைக்குமான்னு பார்த்தேன். நாக்குக்குத் தெரியல. வயித்துக்குத்தான் தெரிஞ்சுது, ஒரு மணி நேரம் கழிச்சு." கரண்டியைத் துடைத்தார். "பறவைக்கு எப்படித்தான் செரிக்குதோ."

அவள் சிரிக்கவில்லை. "கேண்டீன்ல என்ன பண்றீங்க?"

"கைக்கு அளவு தெரியும். உப்பு மட்டும் கேஷியரம்மாவைப் பார்க்கச் சொல்றேன். மரியாதை குடுக்கறேன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. பொறந்தநாளுக்குச் சட்டைகூட எடுத்துக் குடுத்தாங்க."

அந்த நீலச் சட்டை. அவளே இஸ்திரி போட்டிருக்கிறாள்.

"போன பருவத்துல ஒரே ஒரு செடியை வெச்சுட்டு மிச்சத்தையெல்லாம் பிடுங்கினேன். நீங்க சொன்னீங்கன்னு பிடுங்கினேன்."

"ஆமா."

"ருசி தெரியாம எதை வெச்சுச் சொன்னீங்க?"

அவர் கரண்டியை அதன் இடத்தில் மாட்டினார். மாட்டியதை மறுபடி எடுத்தார்.

"உன் முகத்தை வெச்சு. எந்தத் தொட்டிகிட்ட நீ ஒரு நிமிஷம் அதிகமா நின்னியோ, அதைச் சொன்னேன்."

போன பருவத்திலும் அழகான செடிதான் நின்றது. தன் ஆசையே அவர் குரலில் திரும்பி வந்திருக்கிறது. அதை நம்பித்தான் மற்றதையெல்லாம் வேரோடு பிடுங்கி உரக்குழியில் போட்டிருக்கிறாள். மஞ்சளின் வாசனை அவற்றில் எதிலோ இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாஸ்டர். வேற யாரையாவது தின்னு பார்க்கச் சொல்லியிருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லல," என்றார். பிறகு அதுவும் போதாது என்பதுபோல, "முதல் துண்டை வாயில வெச்சேன். நீ கத்தியைப் பிடிச்சுக்கிட்டு என் வாயையே பார்த்துக்கிட்டிருந்த. ஒண்ணும் தெரியலைன்னு சொல்ல வாய் வரல. ஒரு தடவை சொல்லாம விட்டா, அப்புறம் எங்க நிறுத்தறது?"

அவள் மாடிக்கு ஏறினாள்.

இரண்டாம் தொட்டிச் செடி கோணல். இலையில் வெளுப்பு, பழம் சின்னது, மங்கிய ஆரஞ்சு. அதன் பக்கத்தில் அவள் ஒருநாளும் நின்றதில்லை. வெட்டுவதற்குக் கத்தரி தயாராகக் கிடந்தது. அதை நகர்த்திவிட்டு, ஒரு பழத்தைப் பறித்து, நகக்கண் அளவு சீவினாள்.

மாஸ்டர் பாலோடு பின்னாலேயே வந்திருந்தார். "வேண்டாம்மா. உனக்கு ஆகாது."

"யாராவது பார்க்கணுமில்ல."

வாயில் போட்டாள். முதலில் ஒன்றுமில்லை, ஒரு கணம் இதுவும் வெள்ளரிக்காய்தான் என்று நினைத்தாள். பிறகு பிடித்துக்கொண்டது. காதுக்குள் ஏதோ அடைத்தது. மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் டம்ளரை நீட்டினார். அவள் தலையாட்டி மறுத்தாள். எரிச்சலுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். பால் குடித்தால் அது போய்விடும்.

வந்தது. மெல்லியதாக, மூக்கின் பின்பக்கம்.

"எலுமிச்சையா?" அவர் குரல் கீழே இறங்கியிருந்தது.

"இல்ல."

அவர் தலைகுனிந்தார்.

"வேற என்னமோ," என்றாள். இத்தனை வருடமும் வார்த்தை தேடுவது அவர் வேலை. அவளுக்கு அது வரவில்லை. "மரம் மாதிரி. பென்சில் மாதிரி."

மாஸ்டர் நிமிர்ந்தார். "சீவினதா, கடிச்சதா?"

"என்ன?"

"பென்சில். கடிச்சா ஈரமா ஒரு வாசனை வரும். சீவினா காய்ஞ்ச வாசனை."

அவள் கண்ணை மூடி நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினாள். "சீவினது."

"அடியில இனிப்பு இருக்கா?"

"கடைசியா. கொஞ்சம்."

"கசப்பு?"

"இல்லவே இல்ல."

அவர் மெல்லத் தலையாட்டினார். அந்தச் செடியைத்தான் வெறும் கசப்பு என்று சொல்லியிருந்தார்.

அவள் வலைப்பை ஒன்றை எடுத்து, இரண்டாம் தொட்டியில் திறக்காத ஒரு மொட்டின் மேல் மாட்டிச் சுருக்கைக் கட்டினாள். மீதித் தொட்டிகளிலும் இல்லையென்றால் மஞ்சள் போய்விட்டது. அதற்காக அவரை எப்போது மன்னிப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வயிற்றில் மெல்ல ஏதோ முறுக்க ஆரம்பித்தது.

"இன்னும் எரியுதா?" என்று கேட்டார்.

"எரியுது."

"எங்கே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பால் டம்ளரைப் பிடித்தபடி, பசித்தவர் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல நுனியில," என்று சொல்லத் தொடங்கினாள். "அப்புறம் ரெண்டு ஓரமும். இப்ப தொண்டைக்கு இறங்குது."

"மெதுவாச் சொல்லு," என்றார் மாஸ்டர்.